கஞ்சிக் குருவிச் சுருள்

என் தம்பி கொழும்பில் ஒரு சாமான் கடையில் வேலை பார்த்தான். யுத்தம் வருவதற்கு ஏழெட்டு வருஷம் முந்தி, கிறிஸ்துமஸுக்கு ஊர் வந்தபோது எல்லாருக்கும் ஏதாவது கொண்டுவந்தான். என் வீட்டுக்காரருக்கு ஒரு குடை. எனக்குப் பீங்கான் கோப்பை இரண்டு. என் மகளுக்கு ஒரு தகரப் பெட்டி. திறந்தால் உள்ளே கைப்பிடி வைத்த சின்ன இயந்திரம். சிவப்புச் சாயம் அடித்தது. முன்னால் கண்ணாடி வில்லை, பின்னால் சிம்னி விளக்கு வைக்க ஒரு கூண்டு. ஜப்பான் சாமான். அந்தக் காலத்தில் ஜப்பான் சாமான் என்றால் பார்க்க அழகாக இருக்கும், பத்து நாளில் கையோடு வந்துவிடும் என்று பேர். இது உடையவில்லை. இன்றைக்கும் என் வீட்டுப் பரணில் இருக்கிறது. சீக்கிரம் உடைந்து தொலைந்திருந்தால் இதை எழுத வேண்டிய அவசியம் எனக்கு வந்திருக்காது.

கூடவே கட்டைவிரல் பருமனில் ஆறு படச்சுருள்கள். ஆட்களை வைத்து எடுத்த படம் இல்லை. கையால் வரைந்த படம், ஆனால் நடக்கும், ஓடும், திரும்பிப் பார்க்கும். முயலும் ஆமையும் ஒன்று. காளையைப் பார்த்து வயிற்றை ஊதி வெடித்த தவளை ஒன்று. தண்ணீரில் தன் உருவத்தைப் பார்த்துக் குரைத்து வாயிலிருந்த எலும்பை விட்ட நாய் ஒன்று. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை நான் படித்த அதே நீதிக்கதைகள்தான், மிருகங்கள் மட்டும் ஜப்பான்காரர் உடுப்பு போட்டிருந்தன. இரண்டு சுருள் குஸ்திச் சண்டை. ஆறாவது, குருவிச் சுருள். ஒவ்வொன்றும் ஒரு நிமிஷம் ஓடும். தொடக்கத்தில் கோழி கிண்டினது போல எழுத்து வரும். அதை வாசிக்க எங்கள் ஊரில் யார் இருந்தார்கள்.

நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் நெசவாளர் தெருவில் குடியிருந்தோம். அந்தத் தெருவில் வேதக்காரர் வீடு எங்களுடையது ஒன்றுதான். வீட்டில் இரண்டு தறி. ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில் முடிந்து வந்ததும் மத்தியானத்தில் தறி வீட்டின் ஜன்னல்களில் சாக்கை அடைத்து இருட்டாக்கி, தறியிலிருந்து அன்றைக்கு முந்தின நாள்தான் அறுத்த வேட்டியைச் சுவரில் கட்டி, தம்பி படம் காட்டினான். தெருப்பிள்ளைகள் அத்தனையும் உள்ளே. எங்கள் சபை உபதேசியாரும் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

முயலுக்குச் சிரித்தார்கள். தவளைக்குக் கை தட்டினார்கள். குருவிச் சுருள் ஓடியபோது மட்டும் தெருவே வாயைப் பிளந்துகொண்டு பார்த்தது. ஏனென்றால் அது எங்கள் கதையாக இருந்தது. ஒரு கிழவி துணிக்குக் கஞ்சி காய்ச்சிப் பானையில் வைக்கிறாள். வெளியே போகிறாள். வீட்டில் வளரும் குருவி, இடுப்பில் முன்பக்கம் சின்னத் துணி கட்டினது, தத்தித் தத்தி வந்து பானை விளிம்பில் உட்கார்ந்து கஞ்சி முழுவதையும் கொத்திக் குடித்துவிடுகிறது. கிழவி வருகிறாள். பானையைக் கவிழ்த்துப் பார்க்கிறாள். குருவியைப் பிடிக்கிறாள். அலகை நெம்பித் திறந்து நாக்கை வெளியே இழுத்துக் கத்திரியால் வெட்டுகிறாள். குருவி வாயை இறகால் பொத்திக்கொண்டு அழுதுகொண்டே வாசல் வழியாகப் பறந்து போகிறது. வேட்டி வெள்ளையாகிவிடுகிறது. அவ்வளவுதான் சுருள்.

கஞ்சி என்றால் எங்கள் தெருவுக்கு என்னவென்று சொல்லிவிடுகிறேன். தறியில் ஏற்றுவதற்கு முன்னால் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, விடிந்ததும் விடியாததுமாக அரிசிக் கஞ்சி தடவிப் புருசால் நீவி விடவேண்டும். வெயில் ஏறுமுன் காய வேண்டும். கஞ்சி குறைந்தால் நூல் பிசிறும், அறும், அந்தப் பாவே வீண். வயிற்றுக்கு இல்லாவிட்டாலும் பாவுக்குக் கஞ்சி உண்டு எங்கள் தெருவில். ஆகவே படத்தில் இருந்த கிழவியை எல்லாரும் ஜப்பான் நெசவுக்காரி என்றே எடுத்துக்கொண்டார்கள். எதிர்வீட்டுக்காரி பெருமூச்சு விட்டு, அங்கேயும் நம்ம பாடுதான் போலிருக்கு என்றாள். குருவிக்காக அங்கே ஒருத்தரும் வருத்தப்படவில்லை. என் மகளைத் தவிர.

அவளுக்கு எட்டு வயது. தலைப்பிள்ளை. அவளுக்குப் பிறகு இரண்டு பிறந்து தங்கவில்லை. நல்ல குரல் அவளுக்கு. ஓய்வுநாள் பள்ளியில் ஞானப்பாட்டு எடுத்துக் கொடுப்பது அவள்தான். அவள் இருட்டுக்குள்ளிருந்து, "அந்தக் கெழவிக்கு என்ன ஆச்சு மாமா?" என்று கேட்டாள்.

தம்பிக்குத் தெரியவில்லை. நான்தான் பதில் சொன்னேன்.

"அவளுக்கு என்ன ஆகும்? திருட்டுக் குருவி தொலைஞ்சிருச்சுன்னு நல்லா இருப்பா."

எல்லாரும் சிரித்தார்கள். உபதேசியாரும் சிரித்துவிட்டு, நாக்கை அடக்காதவர்களுக்கும் அடுத்தவர் பொருளில் கை வைப்பவர்களுக்கும் வரும் ஆக்கினையைப் பற்றிச் செத்த நேரம் பேசினார். நாங்கள் தலையாட்டினோம். சுருள் முடிந்தது, கதை முடிந்தது, பாடமும் கிடைத்தது.

மகள் விடவில்லை. மாமாவிடம் கைப்பிடியைப் பின்னால் சுற்றச் சொன்னாள். தம்பியும் அவளுக்காகச் சுற்றினான். குருவி முதுகுப்புறமாக வாசல் வழியே வந்தது. கத்திரி திறந்தது. நாக்கு வாய்க்குள் போனது. கிழவி பின்னால் நடந்து வெளியே போனாள். குருவியின் வாயிலிருந்து கஞ்சி மணி மணியாகப் பானைக்குள் திரும்பிப் பானை நிறைந்தது. மகள் கை தட்டினாள். ஒரே பிள்ளை கை தட்டும் சத்தம் அந்த இருட்டில் எனக்கு எரிச்சலாக இருந்தது.

தம்பி கொழும்புக்குப் போய்விட்டான். இயந்திரம் இருந்தது. தெருவில் புது விளையாட்டு ஒன்று கிளம்பியது. ஒரு பிள்ளை குருவி, ஒரு பிள்ளை கிழவி. குருவி நாக்கை நீட்ட வேண்டும், கிழவி இரண்டு விரலைக் கத்திரி போல வைத்து அதைப் பிடிக்க வேண்டும். பிடிபட்டால் அது கஞ்சிக்குருவி. மற்றவர்கள் "கஞ்சிக்குருவி, கஞ்சிக்குருவி" என்று கத்திக்கொண்டே துரத்துவார்கள். என் மகள் எப்போதும் குருவியாகவே இருப்பாள். கேட்டால் குருவிக்குத்தான் பறக்கத் தெரியும் என்பாள்.

பிறகு ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்பு, லெந்து நாட்கள் வந்தன.

எங்கள் சபையில் பிடியரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலை வைக்கும்போதெல்லாம் வீட்டுக்காரி ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப்பையில் போட்டுவர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலில் கொண்டுபோய்க் கொட்டுவோம். அது ஊழியத்துக்குப் போகும். அந்த வருஷம் நான் ஆண்பிள்ளை வேண்டிப் பொருத்தனை செய்திருந்தேன். நாற்பது நாளும் வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடு, மிச்ச வேளை அரிசி அத்தனையும் கர்த்தருக்கு என்று தீர்மானித்தேன். என் வீட்டுக்காரர் சாதுவான மனுஷர். அவர் என்னிடம் எதிர்த்துப் பேசியது மொத்தத்தில் நாலைந்து தடவை இருக்கும். அதில் இது ஒன்று.

"ஏட்டி, பச்சப்பிள்ளைக்கு எதுக்கு லெந்து? அதுக்கு ரெண்டு வேளையாவது போடு."

பிள்ளையும் சேர்ந்தால்தான் பொருத்தனை பலிக்கும் என்று சொன்னேன். அப்படி எனக்கு யாரும் சொல்லவில்லை, நானாகச் சொன்னதுதான். எல்லாருடைய பையையும்விட என் பை கனமாக இருக்க வேண்டும் என்ற ஆசையும் அதில் இருந்தது. பிறக்காத ஆண்பிள்ளைக்காகப் பிறந்த பெண்பிள்ளையின் வாயிலிருந்து எடுத்தேன். அன்றைக்கு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் அவர்களை அவிசுவாசி என்றிருப்பேன்.

மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் விடியக்காலம். தெருவில் பாவு இழுத்துக் கட்டியாயிற்று. வீட்டுக்காரர் கஞ்சி தடவிக்கொண்டே போகிறார். பாதிப் பாவுக்கு மேல் கஞ்சி இல்லை. பானை காலி. முந்தின நாள் சாயங்காலம் நான்தான் காய்ச்சிக் கழுத்து வரை ஊற்றி மூடி வைத்தேன். திரும்ப அரைத்துக் காய்ச்சுவதற்குள் வெயில் ஏறிவிடும். அவர் புருசைக் கீழே வைத்தார். மீதிப் பாவு பிசிறிக்கொண்டு நின்றது. பாவு எங்களுடையது இல்லை, கூலிக்கு நெய்யக் கொடுத்த முதலாளியுடையது.

எதிர்வீட்டுக்காரி தன் பாவுக்குப் புருசு போட்டுக்கொண்டே, "என்னக்கா, ஒங்க வீட்டுலயும் கஞ்சிக்குருவி எறங்கிருச்சு போல" என்றாள். நாலு பேர் சிரித்தார்கள். சில வீடுகளில் பிள்ளைகள் வாய் வைக்காமல் இருக்கக் கஞ்சியில் வேப்பிலையை அரைத்துக் கலந்துவிடுவார்கள். நானும் அதைச் செய்திருக்கலாம். என் வீட்டுப் பிள்ளை அப்படிச் செய்யாது என்ற இறுமாப்பு.

மகள் வாசலில் நின்றாள். கடைவாயில் கஞ்சி காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. நீ குடித்தாயா என்று கேட்டேன். அவள் பொய் சொல்லப் பழகாத பிள்ளை.

"பசிச்சுச்சும்மா. ராத்திரி ஒறக்கம் வரலம்மா."

அந்த வார்த்தையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து எனக்கு அந்த வார்த்தை கிடைக்கவில்லை.

அதற்குள் தெருப்பிள்ளைகள் சேர்ந்துவிட்டார்கள். "கஞ்சிக்குருவி, கஞ்சிக்குருவி" என்று ஆரம்பித்தார்கள். நான் உள்ளே போய், தறியில் நூல் நுனி அறுக்கும் கத்திரியை எடுத்து வந்தேன். நாக்கை நீட்டு என்றேன். அவள் உடனே நீட்டினாள். அவளுக்கு அது விளையாட்டு. தினமும் நீட்டுகிற நாக்குதான். கண்ணில் சிரிப்பு கூட லேசாக இருந்தது. பயம் இல்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. தெரு பார்த்துக்கொண்டிருக்கிறது, பாவு பாழாகிக் கிடக்கிறது, என் பிள்ளைக்கு என்னிடம் பயம் இல்லை. நாக்கு நுனியை இடக்கையால் பிடித்துக் கத்திரியின் இரண்டு இரும்புக்கும் நடுவே வைத்தேன்.

கை தவறிவிட்டது என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லி வந்தேன். ஜெபத்திலும் அப்படியே சொன்னேன். கை தவறவில்லை. அழுத்தினேன். எம்புட்டு அழுத்த நினைத்தேன் என்பது மட்டும் இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

சத்தமே வரவில்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். படத்தில் குருவி பொத்தியதே, அதே மாதிரி. விரல் இடுக்கு வழியாக ரத்தம் வந்து, கஞ்சி போட்ட வெள்ளைப் பாவில் சொட்டியது. பிள்ளைகளின் கத்தல் நின்றது. வீட்டுக்காரர் பாவுக்கு அடியில் குனிந்து ஓடி வந்து அவளைத் தூக்கினார். என்னை அவர் அடித்திருக்கலாம். அடிக்கவில்லை. என் கையிலிருந்த கத்திரியை வாங்கித் தன் மடியில் செருகிக்கொண்டார், என்னிடம் அது இருக்கக்கூடாது என்பது போல.

மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பிள்ளைக்கு நான் பாடம் சொல்லிக் கொடுத்தேன். படியில் விழுந்தேன், நாக்கைக் கடித்துக்கொண்டேன். இரண்டு தடவை சொல்லிக் கொடுத்தேன். நர்சம்மா வாயைத் திறந்து பார்த்து, நுனி கொஞ்சந்தான் போயிருக்கிறது, ஆறிவிடும் என்று மருந்து வைத்தாள். பிறகு பிள்ளையிடம் குனிந்து, கடித்த காயம் இப்படி நேர்கோடாக இருக்குமா என்று மெல்லக் கேட்டாள். என் மகள் ரத்தமும் எச்சிலுமாக, எழுத்துக் கூட்டி வாசிப்பது போல, "படியில... விழுந்தேன்" என்றாள். அறுந்த நாக்கால் அவள் முதலில் பேசியது நான் சொல்லிக் கொடுத்த பொய். நர்சம்மா என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டாள்.

காயம் இரண்டு வாரத்தில் ஆறியது. பேச்சில் அவ்வளவாகக் குறை இல்லை, வேகமாகப் பேசினால் கொஞ்சம் குழறும். ஈஸ்டர் ஆராதனையில் அவள் தனியாக ஒரு பாட்டுப் பாடுவதாக இருந்தது. அவளை முன்னால் நிறுத்தினார்கள். வாயைத் திறக்கவில்லை. ஆர்மோனியம் இரண்டு தடவை முதல் வரியை வாசித்துப் பார்த்தது. வேறு பெண்ணை நிறுத்திப் பாடவைத்தார்கள். அதே ஆராதனையில், லெந்து நாட்களில் அதிகப் பிடியரிசி கொண்டுவந்த சகோதரி என்று உபதேசியார் என்னை எழுந்து நிற்கச் சொன்னார். சபை என்னைத் திரும்பிப் பார்த்தது. பிள்ளைகள் பாயில் உட்கார்ந்திருந்த என் மகளும் திரும்பிப் பார்த்தாள். நான் எழுந்து நின்றேன்.

அதற்குப் பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன், அதுவும் என் வீட்டுக்காரர் சொல்லித்தான். ஒரு நாள் தறியில் உட்கார்ந்தபடியே, நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார்.

"அவ ஒன்னைய என்னன்னு கூப்பிடுதா, பாத்தியா?"

அவள் என்னைக் கூப்பிடுவதே இல்லை. கோபித்துக்கொண்ட பிள்ளை போல முகத்தைத் தூக்கி வைத்திருக்கவும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள், சொன்ன வேலை செய்வாள், ராட்டையில் நூலைத் தார் சுற்றுவாள், தண்ணீர் கொண்டுவருவாள். சோறு வேண்டும் என்பாள், ஆனால் யாரிடம் கேட்கிறாள் என்று அந்தப் பேச்சில் இருக்காது. தூரத்திலிருந்து என்னை அழைக்க வேண்டி வந்தால் பக்கத்தில் நடந்து வந்து நின்று, நான் திரும்பும் வரை காத்திருப்பாள். அதுவரை "நீ, வா, போ" என்று பேசினவள், "நீங்க, வாங்க" என்று மாறிவிட்டாள். எங்கள் பக்கம் பிள்ளைகள் தாயை அப்படிப் பேசுவதில்லை. கேட்கிறவர்கள் என்ன மரியாதையாக வளர்த்திருக்கிறாய் என்று என்னைப் புகழ்ந்தார்கள்.

முதலில் கெஞ்சினேன். பிறகு எனக்குத் தெரிந்த வழிக்கே போனேன். அம்மா என்று சொன்னால்தான் சோறு என்றேன். அவள் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய் ராட்டையில் உட்கார்ந்தாள். அன்றைக்கு முழுவதும் சாப்பிடவில்லை. மறுநாளும் சாப்பிடவில்லை. பட்டினி கிடக்க நான்தான் பழக்கியிருந்தேனே. மூன்றாம் நாள் காலையில் வீட்டுக்காரர் அடுப்படிக்கு வந்து, என்னைத் தள்ளிவிட்டு, தானே சோறு போட்டு அவளுக்கு ஊட்டினார். அன்று சாயங்காலமே அந்தத் தகரப் பெட்டியைப் பரணில் ஏற்றிவிட்டார். எறியவில்லை. ஏன் என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை.

பொருத்தனை பலித்தது. அடுத்த வருஷமே ஆண்பிள்ளை பிறந்தது. கர்த்தர் அரிசியை ஏற்றுக்கொண்டார் என்று எல்லாரிடமும் சாட்சி சொன்னேன். அவன் நாளைக்கு நூறு தடவை அம்மா என்பான். ஒவ்வொரு தடவையும் அக்கா எங்கே நிற்கிறாள், கேட்டாளா என்று என் கண் தேடும்.

மகளை ராஜபாளையத்தில் கொடுத்தோம். மாப்பிள்ளை நூல் மில்லில் வேலை. கல்யாணம் முடிந்து புறப்படும்போது, "வாரேன்ப்பா" என்று அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். தன் தம்பியை முத்தமிட்டாள். எதிர்வீட்டுக்காரியிடம் கூட, "வாரேன் சித்தி" என்றாள். என் முன்னால் வந்து நின்று, "வாரேன்" என்றாள். சேர்ந்து நின்ற கூட்டத்தில் அந்த வித்தியாசம் ஒருத்தருக்கும் தெரியவில்லை.

யுத்தம் முடிந்த மறுவருஷம் என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகன் மலேயாவிலிருந்து திரும்பி வந்தார். ரப்பர்த் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். ஜப்பான்காரர் மலேயாவைப் பிடித்து வைத்திருந்த மூன்று நாலு வருஷமும் அங்கேயே அகப்பட்டுக்கொண்டார். ஆள் பாதியாக இளைத்து, முன்பல் இரண்டு போய் வந்தார். எங்கள் வீட்டில் ஒரு வாரம் தங்கினார். அவருக்கு ஜப்பான் பாஷை கொஞ்சம் தெரியும் என்று அறிந்ததும் என் மகன் பரணில் ஏறி அந்தப் பெட்டியை இறக்கிவிட்டான். நான் தடுக்குமுன் தறி வீட்டு ஜன்னலில் சாக்கைச் சொருகிவிட்டான்.

மத்தியானம். நான் அவருக்குக் கருப்பட்டிக் காப்பி கொண்டுபோனேன். வேட்டியில் கிழவி குருவியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் சிரித்தார்.

"இது பாதிதான மதினி. மிச்சம் எங்க?"

மிச்சம் என்று ஒன்று கிடையாது, இவ்வளவுதான் என்றேன். அவர் சொன்னார். பெரிய படத்தைத் துண்டு துண்டாக வெட்டி விளையாட்டுச் சாமான் கடைக்கு விற்பார்களாம் அந்த ஊரில். சிலதில் தலை இருக்கும், சிலதில் வால் இருக்கும். இந்தக் கதையை அவருக்கு ஜப்பான் வாத்தியார் ஒருவர் பாஷைப் பாடமாக வைத்தாராம். திருப்பிச் சொல்லத் தடுமாறியவர்களுக்குக் கன்னத்தில் அறை விழும். அதனால் அவருக்கு வரி வரியாகத் தெரியும். அந்தக் கிழவி நெசவுக்காரி இல்லை, வெளுத்த துணிக்குப் போடத்தான் கஞ்சி வைத்தாளாம். அவளுக்கு ஒரு புருஷன் உண்டு. நல்லவன். குருவியைத் தேடிக் காட்டுக்குள் போய்க் கண்டுபிடித்து அழுகிறான். குருவி அவனுக்கு விருந்து வைத்து, பெரிய பெட்டி ஒன்று சின்னப் பெட்டி ஒன்று காட்டி எது வேண்டும் என்கிறது. சின்னது போதும் என்கிறான். வீட்டில் வந்து திறந்தால் பொன்னும் பட்டும். கிழவிக்கு ஆசை வந்து அவளும் போகிறாள். பெரிய பெட்டியைக் கேட்டு வாங்கிச் சுமந்து வருகிறாள். வழியிலேயே பொறுக்காமல் திறக்கிறாள். பாம்பும் பேயுமாக எழுந்து அவளைச் சுற்றிக்கொள்கின்றன.

"கதையில கெட்டவளே அந்தக் கெழவிதான் மதினி. நாக்கறுத்த பாவி. பிள்ளையளுக்கு இதைக் காட்டிப் பயமுறுத்துவாக, குருவியைக் காட்டி இல்ல."

சொல்லிவிட்டுக் காப்பியை வாங்கிக் குடித்தார். அவருக்கு எங்கள் வீட்டு விஷயம் ஒன்றும் தெரியாது. என் வீட்டுக்காரர் தறியில் உட்கார்ந்திருந்தார். ஊடுநூல் ஓட்டும் நாடாவைக் கையில் பிடித்தபடி அப்படியே இருந்தார். எங்கள் இருவர் கண்ணும் சந்திக்கவில்லை.

இரண்டு நாள் எனக்கு ஜெபம் ஓடவில்லை. மூன்றாம் நாள் காலை பஸ்ஸில் ராஜபாளையம் போனேன். மகளிடம் இதைச் சொல்லவேண்டும். நாங்கள் கதையைத் தப்பாகப் புரிந்துகொண்டோம், குருவி மேல் குற்றம் இல்லை என்று சொல்லவேண்டும். சொன்னால் என்ன நடக்கும் என்று நான் எதிர்பார்த்தேன் என்பதை ஒளிக்கவில்லை. சொன்னால் அவள் என்னை அம்மா என்று கூப்பிடுவாள் என்று நினைத்தேன்.

அவள் அடுப்படியில் இருந்தாள். நாலு வயதுப் பேத்தி பக்கத்தில் உட்கார்ந்து முறத்தில் பருப்பைக் கலைத்துக்கொண்டிருந்தது. வாங்க என்றாள் மகள், மணையை எடுத்துப் போட்டாள். நான் சுற்றிப் பார்த்தேன். அந்த அடுப்படியில் பிடியரிசிப் பை தொங்கவில்லை. அரிசிப் பானை மூடாமல், பிள்ளைக்குக் கை எட்டும் உயரத்தில் இருந்தது.

கதை முழுவதையும் சொன்னேன். கிழவன் தேடிப்போனது, விருந்து, இரண்டு பெட்டி, பாம்பு. எதையும் விடவில்லை. அவள் வெங்காயம் அரிந்துகொண்டே கேட்டாள். ஒரு தடவைகூட நிமிரவில்லை. சொல்லி முடித்து, "அந்தக் கெழவிதான் தப்பு செஞ்சவ" என்றேன்.

அவள் அரிவாள்மணையைத் தள்ளி வைத்தாள்.

"மிச்சம் இருக்கும்னு எனக்கு அப்பவே தெரியும்."

யார் சொன்னார்கள் என்று கேட்டேன்.

"ஒருத்தரும் சொல்லல. அன்னைக்கே கேட்டேனே, கெழவிக்கு என்ன ஆச்சுன்னு. நல்லா இருப்பான்னு நீங்கதான சொன்னீக." அரிந்த வெங்காயத்தை அள்ளிச் சட்டியில் போட்டாள். பிறகு ஊரில் விளைச்சல் எப்படி என்று கேட்பது போலச் சாதாரணமாகச் சொன்னாள். "நல்லாத்தான இருக்கீக."

கோபம் இருந்திருந்தால் நான் அவள் காலைப் பிடித்திருப்பேன். கோபம் இல்லை. பாம்பும் பேயும் கிளம்பிய பெட்டி இதைவிடத் தேவலை என்று தோன்றியது.

பேத்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. "யாரும்மா இவுக?" என்று கேட்டது. வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கிற பிள்ளை, மறந்திருந்தது. மகள் அதன் தலையைத் தடவி, "ஆச்சி. தூரத்துல இருந்து பசியோட வந்திருக்காக. அவியளுக்கு எலை எடுத்துட்டு வா" என்றாள்.

இலை போட்டுச் சோறு வைத்தாள். குழம்பு ஊற்றினாள். சாப்பிட்டு முடிக்குமுன் இன்னும் வைத்தாள். நான் மறிக்கவில்லை. மறுபடி பானையைச் சாய்த்து அள்ளி வந்தாள். இலை கொள்ளாமல் சோறு சரிந்தது. கை நிறைய அள்ளி நின்றவளைப் பார்த்துக் கையை இலைக்கு மேல் குறுக்கே வைத்தேன்.

"போதும்மா" என்றேன்.

நான் கையை எடுக்கும்வரை பார்த்திருந்துவிட்டு அவள் அந்தச் சோற்றையும் வைத்தாள். அம்மா என்ற அந்த வார்த்தை அன்றைக்கு எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரே ஒரு தடவைதான் வந்தது, அதுவும் என் வாயிலிருந்து. குனிந்து சாப்பிட ஆரம்பித்தேன்.